தீயில் போன தாத்தாவின் கோப்பு

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"எனக்குப் பாளையங்கோட்டை. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர். மாமியாருக்கு 78 வயது. அவருடைய அப்பா 1918-ல் பிறந்தவர், எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தார், 1981-ல் இறந்துவிட்டார். போரைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லையாம். நார்மண்டியில் கரையிறங்கினார் என்று ஒரு சொந்தம் சொல்கிறது, ரோம் நகரில் இருந்தார் என்று இன்னொரு சொந்தம். எங்களிடம் இருப்பது சீருடையில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். தோளில் நான்கு இலையோ இதழோ மாதிரி ஒரு சின்னம் தெரிகிறது. செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். 1973 தீயில் கோப்பு எரிந்திருக்கலாம் என்று பதில் வந்தது. அவ்வளவுதானா? மாமியாரின் தாத்தா ஐரோப்பாவில் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் தெரியவில்லை. 1890 வாக்கில் பிறந்தவர், வீட்டில் ஸ்லோவாக் பேசினார்களாம். மாமியாரின் அம்மா வழியில் யாரோ ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டதாகவும் பேச்சு. எங்கே ஆரம்பிப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்தது மாதிரியான கடிதங்கள் என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு இருக்கின்றன. வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் படித்ததும் பாதிப் பேர் தேடலை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். செயின்ட் லூயிஸில் படைவீரர் கோப்புகள் இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பு அங்கே கிடையாது. முழுதாக அணைய நான்கு நாளுக்கு மேல் ஆயிற்று. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை போயின. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் தேதி வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் காலி. போர்க்காலத்தில் விமானப்படை தனியாக இல்லை, தரைப்படைக்குள்தான் இருந்தது. அவர்களுக்கும் இதே கதி. கடற்படைக் கோப்புகளும் மரீன் கோப்புகளும் தப்பித்தன.

80 போனால் 20 இருக்கிறது. நனைந்தும் கருகியும் கிடந்தவற்றை பிளாஸ்டிக் பால் கூடைகளில் அடுக்கி, அதே ஊரிலிருந்த விமானக் கம்பெனியின் பெரிய வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். இப்படி மீண்டவை சுமார் 65 லட்சம். ஓரம் கருகி, நடுவில் எழுத்து நிற்கும் காகிதங்களைக் கையுறை போட்டுப் புரட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் புகை வாசனை போகவில்லை. தீப்பிடித்த அன்று வேறு அலுவலகத்துக்கு இரவலாகப் போயிருந்த கோப்புகளும் பிழைத்தன. அதனால் 'எரிந்திருக்கலாம்' என்பதை 'எரிந்துவிட்டது' என்று நாமாகத் திருத்திக்கொள்ள வேண்டாம்.

சரி, எரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குடும்ப வரலாறு தேடித்தரும் இந்தத் தொழிலில் எனக்குப் படிந்த ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் ஆளைத் தேட மாட்டேன், அவருக்குக் கொடுத்த காசைத் தேடுவேன். சம்பளம், போனஸ், பென்ஷன், கல்லறைக்கு அரசு கொடுத்த கல் என்று பணம் கைமாறிய இடத்திலெல்லாம் ஒரு காகிதம் பிறந்திருக்கும். அந்தக் காகிதங்கள் எல்லாம் அந்த ஆறாவது மாடியில் இருக்கவில்லை.

ஆனால் அலுவலகங்களுக்கு எழுதும் முன் வீட்டைக் குடையுங்கள். மாமியார் வீட்டுப் பரணில், அதாவது அமெரிக்க வீட்டின் ஆட்டிக்கில், என்ன இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் தொங்கிய தகரத் தகடு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெயர், எட்டு இலக்க எண், டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு, ரத்த வகை, மதத்துக்கு ஓரெழுத்து எல்லாம் அதில் குத்தியிருக்கும். 1943 ஜூலைக்கு முன் அடித்த தகடாக இருந்தால் நெருங்கிய உறவினரின் பெயரும் வீட்டு முகவரியும்கூட இருக்கும்.

தகட்டைவிட நான் ஆசைப்படுவது பழைய கடித உறைக்கு. உள்ளே இருக்கும் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு உறையைக் குப்பையில் போட்ட குடும்பங்களைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். உறையின் இடது மேல் மூலையில் அனுப்பியவர் முகவரி இருக்கும்: கம்பெனி என்ற சிறு படைப்பிரிவின் எழுத்து, அதற்கு மேலான ரெஜிமென்டின் எண், ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண். உங்கள் கேள்விக்கே இதில் விடை இருக்கலாம். ஏ.பி.ஓ. 4 என்றால் 4-ஆவது காலாட்படை டிவிஷன், அதாவது பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு. ஏ.பி.ஓ. 88 என்றால் 88-ஆவது டிவிஷன்.

ஏன் இந்த இரண்டை மட்டும் சொல்கிறேன்? அந்தத் தோள் சின்னத்தால்தான். 4-ஆவது டிவிஷனின் சின்னம் ஐவி என்ற கொடியின் நான்கு இலைகள். ரோமன் எண்ணில் நான்கை எழுதும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'ஐவி' வரும். அதில் பிறந்த வேடிக்கை அது. 88-ன் சின்னம் இரண்டு எட்டுகளைக் குறுக்கே வைத்து உண்டாக்கிய நாலிதழ் வடிவம், முழுக்க நீலம். வண்ணப் படத்தில் பச்சையையும் நீலத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கறுப்பு வெள்ளையில், தோள்துணி சுருங்கியிருந்தால், இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 4-ஆவது டிவிஷன் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் யூட்டா கடற்கரையில் இறங்கியது. 88-ஆவது டிவிஷன் இத்தாலியில் சண்டையிட்டது. நார்மண்டிக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 4 அன்று, ரோமுக்குள் நுழைந்த படைகளில் அதுவும் ஒன்று. உங்கள் இரண்டு சொந்தங்களும் எதையோ காதில் வாங்கியிருக்கிறார்கள், யாரும் கதை கட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஒரே ஆள் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு இடத்திலும் இருந்திருக்க முடியாது.

சின்னத்தை மட்டும் நம்பி முடிவுகட்டவும் கூடாது. 1945-ல் போர் முடிந்ததும், நீண்ட நாள் சண்டையிட்டவர்களை முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். அதற்காக ஆட்களை ஒரு டிவிஷனிலிருந்து உருவி, கப்பலேறப்போகும் வேறொரு டிவிஷனில் போட்டார்கள். ஊருக்கு வந்து ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டவரின் தோளில் இருப்பது அவர் ஒரு குண்டுகூடச் சுடாத டிவிஷனின் சின்னமாக இருக்கலாம். படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போருக்குப் போகும் முன் எடுத்ததா, வந்த பின்பா என்பது அதில் தெரியலாம்.

அடுத்தது அந்த எட்டு இலக்க எண். தகடு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில், இரண்டாம் உலகப்போரில் தரைப்படையில் சேர்ந்தவர்களின் பட்டியல் இலவசமாக இருக்கிறது, சுமார் 90 லட்சம் பேர். பெயர், பிறந்த ஆண்டு, கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். சேர்ந்த தேதி, இடம், படிப்பு, அதற்கு முன் பார்த்த வேலை எல்லாம் வரும். எண்ணைப் படிப்பதற்கும் ஒரு வழி உண்டு. முதல் இலக்கம் 1 என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையிலிருந்து வந்தவர், 3 என்றால் கட்டாயச் சேவையில் அழைக்கப்பட்டவர். இரண்டாவது இலக்கம் வட்டாரம். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவுக்கு அது 3. எனவே அழைக்கப்பட்டுப் போன பிட்ஸ்பர்க்காரர் எண் பெரும்பாலும் 33 என்றுதான் தொடங்கும். 35 என்று தொடங்கினால் ஒஹாயோ பக்கம் போய்ப் பதிந்தாரா என்று யோசிக்க வேண்டும்.

தேடும்போது பெயருக்கு நடுவில் 'என்.எம்.ஐ.' என்று வந்தால் திகைக்க வேண்டாம். நடு எழுத்து இல்லை என்பதன் சுருக்கம் அது. ஆளென்றால் நடுவில் ஓர் எழுத்து இருந்தே தீரும் என்பது ராணுவத்தின் எண்ணம். இல்லாதவருக்கு 'இல்லை' என்பதையே எழுதிவைத்தார்கள். இன்ஷியலோடு வந்த நம்மில் பலரை விசாத்தாளில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியாதவர், ஆக்கிய நாடுதானே.

இங்கே என் சொந்தச் சறுக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கவுன்டி, ஒரே பெயர், இரண்டு வருட வயது வித்தியாசம். அப்படி இருவரில் தவறானவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஒரு குடும்பத்துக்காகத் தேடினேன். அறிக்கையும் எழுதியாகிவிட்டது. கடைசியில் கல்லறைக் கல்லுக்கான விண்ணப்ப அட்டையைப் பார்த்தபோது மனைவி பெயர் வேறாக இருந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எண், பிறந்த தேதி, உறவினர் பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் ஒரு காகிதத்தையும் நம்புவதில்லை.

உறவினர் பெயருக்கு மிக நல்ல இடம் டிராஃப்ட் எனப்படும் கட்டாயச் சேவைக்கான பதிவு அட்டை. 1940 அக்டோபர் 16 அன்று, ஒரே நாளில், 21 முதல் 35 வயது வரையுள்ள சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்கள் நாடு முழுக்கப் பதிந்தார்கள். உங்கள் கணவரின் தாத்தாவுக்கு அப்போது 21 அல்லது 22 வயது, பெரும்பாலும் அதில் இருப்பார். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முகவரி, பிறந்த ஊர், வேலை கொடுத்தவர் பெயர், பின்பக்கம் உயரம், எடை, கண் நிறம், உடம்பில் உள்ள தழும்பு என்று வரிசையாக இருக்கும். எனக்குப் பிடித்தது ஒரு கட்டம்: 'உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருக்கும் நபர்'. கல்யாணமாகாத பையன்கள் பெரும்பாலும் அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள். சில அட்டைகளில் அப்பா உயிரோடிருந்தும் அக்கா பெயர் இருக்கும். அதில் ஒரு குடும்பக் கதையே ஒளிந்திருக்கும். கீழே அவர் கையெழுத்து. மாமியாரிடம் இதை முதலில் காட்டுங்கள். ஆனால் ஒன்று: அட்டை இருப்பதால் ஒருவர் போருக்குப் போனார் என்று ஆகாது. பதிந்தவர்களில் பலர் அழைக்கப்படவே இல்லை.

இனி காசு. மூன்று இடத்துக்கு எழுதச் சொல்கிறேன்.

முதல் இடம், உங்கள் கவுன்டியின் பத்திரப்பதிவு அலுவலகம். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் போலத்தான். வீட்டுப் பத்திரம் பதியும் அதே இடம். ஊர் திரும்பிய வீரர்கள் டிஸ்சார்ஜ் பேப்பரை, அதாவது படைவிலகல் சான்றிதழை, தொலைத்துவிடக் கூடாதென்று அங்கே கொண்டுபோய்ப் பதிந்துவைப்பது அன்றைய வழக்கம். செயின்ட் லூயிஸில் எரிந்தது இங்கே ஒரு பேரேட்டில் அப்படியே இருக்கக்கூடும். மாமியார் மகள் என்பதால் அவர் பெயரிலேயே, தாத்தாவின் இறப்புச் சான்றிதழோடு, கேளுங்கள். கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது பதக்கப் பட்டியலை அல்ல, சம்பளக் கட்டத்தை. படையை விட்டு அனுப்பும்போது ஒதுக்கிய மொத்தத் தொகை 300 டாலர் என்றால் கடல் கடந்து போனவர். 200 என்றால் உள்நாட்டிலேயே இருந்தவர். நார்மண்டியா ரோமா என்ற வழக்குக்கு முன்னால் கடல் கடந்தாரா இல்லையா என்ற வழக்கு இருக்கிறது அல்லவா? கடல் தாண்டிய தேதி, திரும்பிய தேதி, கலந்துகொண்ட போர்கள் எல்லாம் அதே தாளில் இருக்கும். 'ரோம்-ஆர்னோ' என்று இருந்தால் இத்தாலி, 'நார்மண்டி' என்று இருந்தால் நார்மண்டி. 'பிரிவு' என்ற கட்டத்தில் இருப்பது அவர் கடைசியாக இருந்த பிரிவு மட்டுமே. நான் மேலே சொன்ன இடமாற்றக் கூத்தை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பென்சில்வேனியா மாநில ஆவணக் காப்பகம். போருக்குப் பிறகு இந்த மாநிலம் தன் வீரர்களுக்கு போனஸ் கொடுத்தது. உள்நாட்டில் இருந்த மாதத்துக்கு 10 டாலர், வெளிநாட்டில் இருந்த மாதத்துக்கு 15 டாலர், மொத்தம் 500-க்கு மேல் கிடையாது. மாதக் கணக்கில் காசு என்பதால் தேதிகளைத் துல்லியமாக எழுதி விண்ணப்பித்தார்கள். ராணுவ எண்ணும் அதில் உண்டு. இந்த விண்ணப்பங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற இன்னொரு குடும்ப வரலாற்றுத் தளத்தில் இருக்கின்றன. எஃகு ஆலையில் வேலை பார்த்தவர் அன்றைய 500 டாலரை வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

மூன்றாவது, மறுபடியும் செயின்ட் லூயிஸ். இந்த முறை, மற்ற இரண்டு இடங்களில் கிடைத்த எண்ணையும் தேதியையும் கொடுத்து, இறுதிச் சம்பளச் சீட்டைக் கேளுங்கள். பணிக்கோப்பு எரிந்தவர்களுக்கு மாற்று ஆதாரங்களைக் கொண்டு விவரத்தை மறுபடி கட்டித்தருவார்கள். வெறும் பெயரோடு போனால் கை விரிப்பார்கள், எண்ணோடு போனால் எழுந்து தேடுவார்கள். படைவிலகி 62 ஆண்டு ஆகிவிட்டால் ஆவணம் பொதுவானது, யாரும் கேட்கலாம். உங்கள் கணவரின் தாத்தா 1945-ல் விலகியிருந்தால் அந்தக் கெடு 2007-லேயே முடிந்துவிட்டிருக்கும். அதற்கு முன்பென்றால் உங்கள் கணவர் கேட்டிருக்கவே முடியாது. சட்டப்படி பேரன் 'நெருங்கிய உறவு' இல்லை, மகளான மாமியார்தான் உறவு.

கம்பெனிப் பெயர் தெரிந்துவிட்டால் கடைசியாக ஒரு புதையல் இருக்கிறது: மார்னிங் ரிப்போர்ட். ஒவ்வொரு கம்பெனியும் தினம் காலையில் அனுப்பிய ஒரு தாள். யார் வந்தார், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார், யார் செத்தார் என்ற மாற்றங்கள் மட்டும் அதில் இருக்கும். ஒரு நாள் தாளில் இரண்டு வரி, அடுத்த நாள் தாளில் முப்பது பெயர் என்று இருந்தால், இடையில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்.டபிள்யு.ஏ. என்றால் போரில் லேசான காயம், எஸ்.டபிள்யு.ஏ. என்றால் பலத்த காயம். இவை தீயில் போகவில்லை; கொஞ்சம் கொஞ்சமாக இணையத்திலும் ஏறுகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவர் பெயரும் இதில்தான் இருக்கும். அதனால் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு மாமியாரிடம் காட்டுவது நல்லது. அப்பா ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் காயமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

ஐரோப்பிய ஊருக்கு வருகிறேன். மாமியாரின் தாத்தா 1890 வாக்கில் பிறந்தவர் என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன், அவருக்கு இரண்டு அட்டைகள் இருக்க வேண்டும். முதல் உலகப்போருக்காக 1917 ஜூன் 5 அன்று 21 முதல் 30 வயது வரை உள்ளவர்களைப் பதிந்தார்கள். அந்த அட்டையில் பிறந்த ஊர் கேட்கப்பட்டது. 1918 செப்டம்பர் அட்டையில் அந்தக் கேள்வி இல்லை, அது கிடைத்தால் ஏமாற்றம்தான். பிறகு 1942 ஏப்ரல் 27 அன்று, 45 முதல் 64 வயதுக்காரர்களைப் பதிந்தார்கள். கிழவர் டிராஃப்ட் என்று கேலியாகப் பெயர். யாரையும் சண்டைக்குக் கூப்பிடவில்லை, யாரால் என்ன வேலை செய்ய முடியும் என்ற கணக்கெடுப்பு மட்டுமே. ஆனால் அதில் பிறந்த இடம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் 'ஆஸ்திரியா', 'ஹங்கேரி' என்று நாட்டோடு நிறுத்திவிடுவார்கள். கிராமத்தின் பெயர் பல குடும்பங்களுக்கு இந்த ஒரு அட்டையில்தான் இருக்கிறது. எழுதிய அமெரிக்கக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

உள்நாட்டுப் போர்க்காரரை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம், பெயரே இன்னும் உறுதியாகவில்லை. பெயர் கிடைத்ததும் அவருடைய ராணுவப் பதிவைத் தேடாதீர்கள்; அதில் 'ஆஜர்', 'ஆஜர் இல்லை' என்பதைத் தாண்டிப் பெரிதாக இருக்காது. விதவையின் பென்ஷன் கோப்பைக் கேளுங்கள். தனக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது என்று அந்த அம்மாள் நிரூபித்தாக வேண்டும். அதற்காகக் குடும்ப பைபிளில் பிறந்த தேதிகள் எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தவர்கள் உண்டு. பிரசவம் பார்த்த கிழவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று சத்தியம் செய்து சாட்சி சொன்ன தாள்களும் இருக்கும். முழுக் கோப்பின் நகலுக்கு, 100 பக்கம் வரை, நான் கடைசியாகக் கேட்டபோது 80 டாலர். தென்மாநிலப் படையில் இருந்தவர் என்றால் வாஷிங்டனில் தேடிப் பயனில்லை, அவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தவை அந்தந்த மாநிலங்கள். 1865-ல் முடிந்த அந்தப் போருக்கான கடைசிப் பென்ஷன் எப்போது நின்றது தெரியுமா? 2020-ல். ஒரு வீரரின் மகளுக்கு, மாதம் 73 டாலர் 13 சென்ட், அவர் சாகும்வரை போய்க்கொண்டிருந்தது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் படத்தை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, தோள் பகுதியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்புங்கள். இலைகளுக்குக் காம்பு இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, இல்லை வழவழவென்று வளைந்து போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.